மூன்றாம் வாசலில் ஆறு நிமிடம்

அந்தக் கடிதம் வந்தபோது மத்தியானம் இரண்டரை இருக்கும். மைசூர் தேவராஜ மொஹல்லாவில், குங்குமமும் ஊதுபத்தியும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டர். ஜன்னலைத் திறந்தால் கீழேயிருந்து சிவப்புத் தூள் ஏறிவந்து கீபோர்டில் படியும். துணியால் எவ்வளவு துடைத்தாலும் விரல் நுனியில் ஒட்டும்.

மோடம் கத்தி ஓய்ந்தது. கடிதம் வரி வரியாக இறங்கியது. இங்கிலீஷில், அயல்நாட்டிலிருந்து யாரோ எழுதியிருந்தார். எங்கள் இணைய இதழுக்கு வந்த முதல் வாசகர் கடிதம் அது. நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவு பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

‘இதை எழுதிய ஆள் இந்த விளையாட்டை ஒரு தடவையாவது ஆடியிருக்கிறாரா? மூன்றாம் வாசலில் உட்கார்ந்திருப்பவன் துரோகி. எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டவன் அவன்தான். தொடக்கப் படத்திலேயே காட்டுகிறார்களே. நீங்கள் வைத்திருப்பது திருட்டுப் பிரதியா?’

திருட்டு என்ற வார்த்தை கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. முதலில் என்னைக் குத்தியது வேறொன்று. தொடக்கப் படமா? அப்படி ஒன்று இருக்கிறதா?

கேட்டவருக்கு ஒரு பதில்

கதையைத் தொடர்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் இந்தத் தொடரில் நான் தட்டச்சுப் பள்ளியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு நினைவுக் குறிப்பு ஒரு கேடா என்று கேட்டிருக்கிறார். ஐயா, எங்கள் வீட்டில் என்னைத் தவிர எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. இன்னும் முப்பது வருஷம் நான் காத்திருந்தால், அதற்குள் மற்றவர்கள் எங்களைப் பற்றி எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கும் இந்த வாரக் கதை ஒரு சாட்சி.

என் பெயர் மாதேசன். அப்பா ஊர் கோபிநத்தம் பக்கம். அங்கிருந்து மைசூருக்கு வந்து மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். நான் டிப்ளமா முடித்துவிட்டு அந்த சென்டரில் சேர்ந்தேன். வேலைக்குப் பெயர் ‘சிஸ்டம் அசிஸ்டென்ட்’. செய்தது ஜெராக்ஸ், லேமினேஷன், யாராவது பயோடேட்டா கொண்டுவந்தால் டைப் அடித்துக் கொடுப்பது. முதலாளி நாகராஜ் சார் கன்னடக்காரர், நல்ல மனிதர். மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை ஆள் வராது. அந்த நேரத்தில் ஒரு மெஷினில் நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டிருந்தார்.

அப்படித்தான் ‘கோட்டை’ எனக்குப் பழக்கமானது. அதன் இங்கிலீஷ் பெயர் ஒரு முழ நீளம். மூன்று பாகங்களாக வந்த விளையாட்டு. சென்டரில் எல்லோருக்கும் அது வெறும் ‘கோட்டை’தான். கையில் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு இருட்டுக் கோட்டைக்குள் நடக்க வேண்டும். விளக்கில் எண்ணெய் குறைந்துகொண்டே வரும். எண்ணெய் தீர்ந்தால் திரை கறுப்பாகிவிடும்.

எங்களிடம் இருந்தது ஒரே சி.டி.யில் நாற்பது விளையாட்டுகளைத் திணித்த பிரதி. நாற்பதும் ஒன்றில் அடங்க வேண்டுமே, அதற்காக ஒவ்வொன்றிலும் இடத்தை அடைக்கிற படங்களையும் பேச்சுக் குரல்களையும் வெட்டி எறிந்திருந்தார்கள். வெட்டியிருக்கிறார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. விளையாட்டு என்றால் எடுத்தவுடன் கையில் விளக்கோடு நிற்பதுதான், யார் எதற்காக நிற்கிறோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றே நினைத்திருந்தோம்.

சம்பத்

இதழை ஆரம்பித்தது சம்பத்தும் நானும். சம்பத் என்ஜினியரிங் கல்லூரி மாணவன். மேல்கோட்டையில் வேர் உள்ள குடும்பம், வீடு சரஸ்வதிபுரத்தில். காலேஜ் புராஜெக்ட்டுக்குப் பிரிண்ட் எடுக்க வந்தவன், நான் வரைந்திருந்த கோட்டைப் படத்தைப் பார்த்தான்.

அந்தப் படங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை அடி நடந்தால் திருப்பம், எங்கே படி, எங்கே எண்ணெய் ஜாடி என்று எண்ணி, கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தேன். பதினாறு தாள். வீட்டில் ஒருநாள் அப்பா ஒரு தாளை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இத்தன வளைவு வெச்சுக் கட்டுனா சாமான எந்த வழிடா கண்ணு உள்ள கொண்டு போவாங்க?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நாள் பார்த்தபோது, இரண்டாம் கட்டத்தின் பின்பக்கம் அகலமான சரிவுப் பாதை ஒன்று உண்மையிலேயே இருந்தது.

சம்பத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். மைசூர்ப் பையன்களுக்கு நண்பன் யாரானாலும் ‘குரு’தான். “குரு, இதை நெட்ல போடணும். உலகத்துலயே யார்கிட்டயும் இப்படி மேப் இல்லை” என்றான். அவன் அப்படிச் சொன்ன அந்த நிமிடத்துக்காக அவனை இன்றும் மன்னிக்கத் தோன்றுகிறது. முழுக்க முடியவில்லை.

இலவசமாக இடம் தருகிற ஒரு வலைத்தளத்தில் அவன் பெயரில் கணக்குத் திறந்தோம். கடவுச்சொல் அவனிடம். இதழுக்கு ‘கோட்டை வாசல்’ என்று பொருள்படும் இங்கிலீஷ் பெயர். மேலே இரண்டு பெயர்கள்: ஆசிரியர்கள், மாதேசன், சம்பத். என் பெயரை முதலில் போடச் சொன்னதும் அவன்தான். நான் எழுதுவேன், அவன் இங்கிலீஷைச் சரிசெய்து ஏற்றுவான். ஏற்பாடு அவ்வளவுதான்.

என் பெயர் அச்சில் வந்தது அதற்கு முன் ஒரே இடத்தில், ரேஷன் கார்டில். அங்கேயும் தப்பாக.

முதல் இதழ் முழுக்கப் படங்கள். இரண்டாம் இதழில்தான் அந்தக் கட்டுரை.

உட்கார்ந்திருந்தவர்

மூன்றாம் வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். முழங்காலை மடக்கி, தலையை முழங்கால்மேல் கவிழ்த்து. பக்கத்தில் கத்தி. நம்மைத் தாக்க மாட்டார், நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். இரண்டு வெட்டு வெட்டினால் சாய்ந்துவிடுவார், இடுப்பில் சாவி இருக்கும். எடுத்துக் கதவைத் திறக்கலாம். எல்லோரும் அப்படித்தான் போனார்கள். போய், அடுத்த சுரங்கத்தில் எண்ணெய் இல்லாமல் செத்தார்கள். அந்தச் சுரங்கம்தான் விளையாட்டிலேயே கஷ்டமான இடம் என்று உலகம் முழுக்கப் பேச்சு.

எனக்கு அவரை வெட்டக் கை வரவில்லை. பெரிய இரக்கம் ஒன்றும் இல்லை. அந்த உட்காரல் எனக்குத் தெரிந்த உட்காரல். காலை லோடு முழுக்க இறக்கிவிட்டு, வாழைத்தார்ப் பக்கம், ஷட்டரில் சாய்ந்து அப்பாவும் அவர் கூட்டாளிகளும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்திருக்கிற மனிதனை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அடுத்த லாரி வந்தால் தானே எழுந்திருப்பான்.

ஒருநாள் மத்தியானம் நான் அவர் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நாகராஜ் சார் படிக்கட்டுக்குக் கீழே இருந்த லேமினேஷன் கவுண்டரிலிருந்து குரல் கொடுத்தார். “மாதேசா, பார்ட்டி வெயிட் மாடுது, பேக வா.” ஆள் காத்திருக்கிறார், சீக்கிரம் வா என்கிறார். யாருக்கோ மார்க்ஷீட்டை லேமினேட் செய்ய வேண்டும். விளையாட்டை நிறுத்தாமல் அப்படியே இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது விளக்கின் எண்ணெய் தீர்ந்து திரை முழுக்கக் கறுப்பு. போச்சு என்று மறுபடி தொடங்கப் போனேன்.

கறுப்புக்குள் ஒரு பொறி பறந்தது. அந்த ஆள் எழுந்து நின்றார். தன்னிடமிருந்த விளக்கை ஏற்றினார். சாவியை எடுத்துத் தானே கதவைத் திறந்தார். காலடியில் ஒரு ஜாடி நிறைய எண்ணெயை வைத்துவிட்டு, வந்த வழியே இருட்டுக்குள் போய்விட்டார்.

அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று ஐந்து தடவை சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஆறு நிமிடம். கடைசி இரண்டு நிமிடம் முழு இருட்டு. இருட்டில் யார் காத்திருப்பார்கள்? அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

இதை எழுதினேன். கூடவே, அவர் யார் என்று எனக்குத் தோன்றியதையும் எழுதினேன். எல்லோரும் ஓடிப்போனபோது அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை, அதனால் தன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிற காவல்காரர் என்று. தலைப்பு: ‘வாசல்காரரைக் கொல்லாதீர்கள்’. சம்பத் இங்கிலீஷைத் திருத்தி ஏற்றினான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பாவம் பார்த்தவன்

கடிதம் வந்த மூன்றாம் நாள் இதழைத் திறந்தேன். கட்டுரை இல்லை. அது இருந்த இடத்தில் நாலு வரி: எங்களுக்கு எழுதுபவர் ஒருவர் விளையாட்டின் கதையை அறியாமல் எழுதிவிட்டார், அதற்கு வருந்துகிறோம். மேலே, ஆசிரியர்: சம்பத்.

பதினாறு படங்களும் அப்படியே இருந்தன. வரைந்தவன் பெயர் மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சரஸ்வதிபுரத்துக்கு சைக்கிளை மிதித்தேன். அவன் வீட்டுக்கு அதுவரை நான் போனதில்லை. மாடியில் அவன் அறை. மேஜைமேல் கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில், செங்கல் கனத்தில், ஒரு அட்டைப்பெட்டி. கோட்டை. அசல்.

பெட்டிக்குள் தடிமனாக ஒரு புத்தகம் இருந்தது. கோட்டையின் கதை, ராஜா யார், எதிரி யார், யார் யாருக்கு என்ன உறவு, எல்லாம் வழவழப்பான தாளில். முதல் கட்டத்துக்கு மேப்கூட இருந்தது. என்னுடையதைவிட மோசமான மேப்.

“இது எப்போ வந்தது?”

“அத்திம்பேர் போன வருஷம் யு.எஸ்.லேர்ந்து வரச்சே கொண்டுவந்தார்” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வருஷம். அப்படியென்றால் நான் கட்டுரை எழுதியபோது அவனுக்குக் கதை தெரியும். துரோகி என்று தெரியும். தெரிந்துகொண்டே என் வாக்கியங்களுக்குக் கால்புள்ளி போட்டிருக்கிறான்.

“ஏன்டா சொல்லலை?”

“எப்படிச் சொல்றது? நீ அவ்வளவு குஷியா எழுதிண்டு வந்தே. சொன்னா உனக்கு பேஜாராகும்னு விட்டுட்டேன். யார் படிக்கப் போறான்னு நினைச்சேன். விடு குரு, பெயரை ஒரு மாசம் கழிச்சுத் திரும்பப் போட்டுடறேன்.”

அவன் என்னை ஏமாற்றியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. அவன் பாவம் பார்த்திருக்கிறான்.

இந்தப் பாவம் எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்புக்கு ஒரு புத்தக அலமாரி இருந்தது. பூட்டியே இருக்கும். முதல் வரிசைப் பிள்ளைகள் கேட்டால் சாவி வரும். நான் கேட்டபோது வாத்தியார் அன்பாகத் தோளில் தட்டி, உனக்கு எதற்குப்பா அதெல்லாம், கேள்வி பதில் நோட்ஸ் போதும், பாஸாகிவிடலாம் என்றார். நோட்ஸ் படித்தேன், பாஸானேன். பாடத்தில் வந்த கதைகளின் முடிவு மட்டும் எனக்குத் தெரியும். ஆரம்பம் இன்றைக்கும் தெரியாது. அந்த சி.டி.யை வெட்டியவர்களும் அதைத்தானே நினைத்திருப்பார்கள்? இவர்களுக்குச் சண்டை போதும், கதை எதற்கு?

திருட்டுப் பிரதியில் ஆடினேன். மறுக்கவில்லை, சரி என்றும் வாதாட வரவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை மைசூரில் எந்தக் கடையில் போய்க் கேட்டிருப்பேன் என்று அந்தக் கடிதக்காரர் சொல்லியிருக்கலாம். அதை விடுங்கள். அசல் பெட்டியைக் கையில் வைத்திருந்த ஒருத்தன், பெட்டியை ஒருநாள் சென்டருக்குக் கொண்டுவந்து காட்டியிருந்தால் போதுமே. கட்டுரையே வேறு மாதிரி வந்திருக்கும்.

“சரி, கதை தப்பு” என்றேன். “ஆறு நிமிஷம்?”

“என்ன ஆறு நிமிஷம்?”

“வெட்டாம நின்னா எழுந்து கதவைத் திறப்பார்னு எழுதியிருந்தேனே.”

சம்பத் சங்கடமாகச் சிரித்தான். “அதுவும் நீயே கட்டினதுன்னுதான்...”

அவன் அதை ஆடிப் பார்க்கவே இல்லை. அவன் வீட்டிலேயே, மேஜைமேலேயே இருக்கிற விளையாட்டில், ஆறு நிமிடம் செலவழித்துப் பார்க்கவில்லை. கதை தெரியாதவனுக்குக் கண்ணும் தெரியாது என்று முடிவு செய்துவிட்டான்.

“போடு” என்றேன். “இப்போ போடு.”

அசல்

முதலில் அந்தத் தொடக்கப் படத்தைக் காட்டச் சொன்னேன். மூன்று நிமிடம் ஓடியது. அழகாகவே இருந்தது, அதில் எனக்கு விரோதம் இல்லை. எதிரிப்படை வருகிறது. ஒரு ஆள் உள்ளேயிருந்து வாசலைத் திறக்கிறான். கோட்டை எரிகிறது. திறந்தவனின் முகத்தை நெருக்கமாகக் காட்டுகிறார்கள். அவரேதான்.

பிறகு மூன்றாம் வாசல். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சம்பத் கட்டிலில் உட்கார்ந்தான். அவன் அம்மா இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார். திரையைப் பார்த்துவிட்டு, “என்னடா, ஆடாம அதையே பார்த்துண்டு உக்கார்ந்திருக்கேள்” என்று கேட்டுவிட்டுப் போனார். நாலாவது நிமிடத்தில் எண்ணெய் தீர்ந்து திரை கறுத்தது. சம்பத்தின் கை தானாக கீபோர்டுக்கு வந்தது. தட்டிவிட்டேன்.

இருட்டில் காபி வாசம் மட்டும் இருந்தது. அசலில் வேறு மாதிரி இருந்தால்? வெட்டின பிரதியின் கோளாறாக இருந்தால்? என் பெயர் போனது போனதுதான்.

பொறி பறந்தது. எழுந்து நின்றார். விளக்கை ஏற்றினார்.

அதற்குப் பிறகு நான் அதுவரை பார்த்திராத ஒன்று நடந்தது. அவர் பேசினார். என் பிரதியில் குரலே கிடையாது. எழுந்ததும் வாய் அசையும், அவ்வளவுதான். ஏதோ மூச்சு விடுகிறார் என்று நினைத்திருந்தேன். இங்கே, ஒரு கிழட்டுக் குரலில், நிறுத்தி நிறுத்தி இரண்டு வாக்கியம் சொன்னார். அந்த உச்சரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. சம்பத் எழுந்து நின்றிருந்தான்.

“என்ன சொன்னார்?”

அவன் மறுபடி முதலிலிருந்து போட்டு, இன்னொரு ஆறு நிமிடம் காத்திருந்து, காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டான். பிறகு சொன்னான்.

“‘திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். யாருக்கு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.’”

அசல் பெட்டி வாங்கியவர்களுக்கு அவர் துரோகி என்று முன்கூட்டியே தெரியும், அதனால் வந்தவுடன் வெட்டினார்கள். அவர் பேசவிருந்ததை அவர்கள் கேட்கவில்லை. நான் வெட்டவில்லை, ஆனால் என் பிரதியில் அவருக்குக் குரல் இல்லை. உலகத்தில் அந்த இரண்டு வாக்கியத்தை அதுவரை யாராவது கேட்டிருப்பார்களா, தெரியாது.

திருத்தாத பக்கம்

சம்பத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போதே அந்தக் கடிதக்காரருக்குப் பதில் அடிக்க உட்கார்ந்தான். ‘நாங்கள் ஒரு புதிய’ என்று ஆரம்பித்தான். நான் அவன் தோளில் கை வைத்தேன்.

“நாங்களா?”

நிறுத்தினான். நாற்காலியை விட்டு எழுந்தான்.

நான் உட்கார்ந்து அடித்தேன். என் இங்கிலீஷில். ‘நான் ஆடியது வெட்டப்பட்ட பிரதி. தொடக்கப் படத்தை இன்றுதான் பார்த்தேன். வாசல்காரரை வெட்டாதீர்கள், ஆறு நிமிடம் காத்திருங்கள், இருட்டானாலும் நகராதீர்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.’ கீழே, ஆசிரியர் என்று என் பெயர், அப்பா பெயர், மைசூர். இரண்டு இடத்தில் தப்பு என்று சம்பத் மெதுவாகச் சொன்னான். இருக்கட்டும் என்றேன். அப்படியே அனுப்பினேன். பழைய கட்டுரையையும் ஒரு எழுத்து மாற்றாமல் இதழில் அதன் இடத்தில் வைத்தேன், சம்பத்தின் நாலு வரியை அதற்குக் கீழே தள்ளினேன். கடவுச்சொல்லை அன்று அவன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். நான் கேட்கவில்லை, கொடுத்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பத்து நாள் பதில் இல்லை. ஒவ்வொரு மத்தியானமும் மோடத்தைக் கத்தவிட்டேன். என் முகத்தைப் பார்த்த நாகராஜ் சார், பெண் வீட்டிலிருந்து கடிதமா என்று கேலி செய்தார்.

பதினோராம் நாள் வந்தது. அதே ஆள். இந்தத் தடவை ‘ஆசிரியர் மாதேசனுக்கு’ என்று ஆரம்பித்திருந்தார்.

‘காத்திருந்தேன். எழுந்தார். இரண்டு வருஷமாக நான் அவரைக் கொன்றுகொண்டிருந்தேன்.’

அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. திருட்டு என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. மறுபடி படித்தேன். கோபம் தீரவில்லை.

கட்டுரைக்குக் கீழே சம்பத்தின் நாலு வரி வருத்தம் இருந்த இடத்தைத் திறந்தேன். அதை அழித்துவிட்டு, இந்தக் கடிதத்தை அங்கே போட்டேன்.